ராமேஸ்வரம் மணலும் பழனி மலை இறக்கமும்: தனியாகக் கார் எடுத்துப் போனதில் தெரிந்துகொண்டது

மலை இறக்கத்தில் பிரேக் போனால் எல்லோரும் மலையைத்தான் திட்டுவார்கள். நானும் அப்படித்தான் திட்டினேன். பழனியில் சக்கரத்தைக் கழற்றிக் காட்டிய பிறகுதான் தெரிந்தது, என் பிரேக் கெட்டது மலையில் இல்லை, அதற்கு மூன்று நாள் முன்னால் கடலோரத்தில். கடலும் மலையும் ஒரே பயணத்தில் வருகிற மாதிரித் திட்டம் போடுகிறவர்களுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆறு நாள் பயணம் ஒன்பது நாளாகி, 23,950 ரூபாய் கூடுதலாகச் செலவானது.

திட்டம் எளிமையானது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாகப்பட்டினம், அங்கிருந்து கடலை ஒட்டியே ராமேஸ்வரம், பிறகு மதுரை வழியாகக் கொடைக்கானல், பழனிப் பக்கம் இறங்கி வீடு. கிட்டத்தட்ட 1,400 கிலோமீட்டர். நம் கணக்கில் இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும்; ஆனால் பள்ளி லீவு விட்டதும் கொடைக்கானலில் கால் வைக்க இடம் இருக்காது. அதனால் பங்குனி முதல் பாதியைத் தேர்ந்தெடுத்தேன். அந்த முடிவில் இப்போதும் குறை சொல்ல மாட்டேன். மரக்காணத்தில் உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று இருக்கும், ராமநாதபுரத்துப் பக்கம் பதநீர் கிடைக்கும், மழை ஒன்று விழுந்திருந்தால் பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் காப்பிச் செடி பூத்து மலையே மணக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: பங்குனி உத்திரத்துக்கு முந்தைய வாரம் பழனியை நோக்கிப் போகிற எல்லா ரோட்டிலும் பாதயாத்திரைக் கூட்டம் இரவு பகலாக நடக்கும். அந்த வாரம் அந்தப் பக்கம் இரவில் வண்டி ஓட்டாதீர்கள்.

வண்டி எட்டு வருடப் பழைய பெட்ரோல் கார், மேனுவல் கியர். கிளம்புவதற்கு முன் சர்வீஸ் விட்டேன். ஆயில் மாற்றினார்கள், வீல் அலைன்மென்ட் பார்த்தார்கள், பில்லில் 'பிரேக் கிளீனிங்' என்று ஒரு வரியும் இருந்தது. அதைப் பார்த்து நிம்மதியானேன். பல இடங்களில் பிரேக் கிளீனிங் என்றால் சக்கரத்தைக் கழற்றி ஏர் அடித்து, பேடை, அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற தட்டைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் கட்டையை, உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்து மாட்டுவதுதான். பேடை அழுத்துகிற கேலிப்பர் நகர்வதற்கு இருக்கும் ஸ்லைடு பின்னை (கம்பியை) உருவிப் பார்ப்பது அதில் சேராது, பிரேக் ஆயில் மாற்றுவதும் சேராது. நான் கேட்கவும் இல்லை. பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினேன் என்று யோசித்தால் நினைவே வரவில்லை. நினைவு வரவில்லை என்றால் மாற்றவில்லை என்றுதான் அர்த்தம்.

முதல் இரண்டு நாளும் சொர்க்கம். ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வைக்காமல் இருந்தால் தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையில் ஒரு மணி நேரம் உட்காரலாம், சேதுபாவாசத்திரம் பக்கம் மனோரா கோபுரத்தைப் பார்க்கலாம், மதியம் எங்காவது மீன் குழம்பு சாப்பிட்டு அரை மணி கண்ணையும் மூடலாம். தனியாக ஓட்டுகிறவருக்கு அந்தத் தூக்கம் முக்கியம், பக்கத்தில் தட்டி எழுப்ப ஆள் கிடையாது. நாகைக்குத் தெற்கே ரோட்டோரத்தில் கருவாடு காயும், வெள்ளைக் கோடு அழிந்த வேகத்தடைகள் ஊருக்கு ஊர் வரும், தொண்டியைத் தாண்டினால் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். அந்தப் புதருக்குள்ளிருந்து ஒரு ஆடு வந்தால் பின்னால் பத்து ஆடு வரும் என்று வைத்துக்கொண்டு 60-இல் போவது நல்லது.

மூன்றாம் நாள் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். 2017 முதல் அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு இருக்கிறது. ஒரு பக்கம் ஆண்கடல், ஒரு பக்கம் பெண்கடல் என்று அங்கே சொல்வார்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் அலை அடிக்கும், பாக் நீரிணைப் பக்கம் குளம் மாதிரி இருக்கும். இந்த இரண்டு கடலுக்கும் நடுவில் தார் ரோடு மட்டும்தான் கெட்டியான தரை. போட்டோ எடுக்க வேண்டும் என்று ரோட்டை விட்டு இரண்டு அடி உள்ளே ஒதுக்கி நிறுத்தினேன். மேலே காய்ந்த மணல், ஒரு சாண் தோண்டினால் உப்புத் தண்ணீர். திரும்பி வந்து வண்டியை எடுத்தேன், முன்சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தேன். மிதிக்க மிதிக்க வண்டி தனக்கே குழி தோண்டிக்கொண்டது. ஐந்து நிமிடத்தில் முன்பக்க பம்பர் மணலில் உட்கார்ந்துவிட்டது, சக்கரம் பாதிக்கு மேல் ஈர மணலுக்குள்.

இந்த இடத்தில் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். சக்கரம் ஒரு முறை வெறுமனே சுற்றினாலே காலை எடுத்துவிடுங்கள். முன்சக்கர இழுவை வண்டி என்றால் முன்னால் போக முயலாமல், வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுங்கள், அந்தத் தடம் ஏற்கெனவே அழுந்தியிருக்கும். அதற்கு முன் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள மணலைச் சரிவாக அள்ளிவிட்டு, காருக்குள் கால் வைக்கிற மேட்டைச் சொரசொரப்பான பக்கம் டயரில் படும்படி திணியுங்கள். சக்கரம் வழுக்கினால் தானாக வேகத்தைக் குறைக்கிற டிராக்ஷன் கன்ட்ரோல் இருந்தால் அணைத்துவிடுங்கள். டயர் காற்றை 32-லிருந்து 18 பிஎஸ்ஐ-க்கு இறக்குங்கள். டயர் தட்டையாகி மணலில் அகலமாகப் பதியும். பாதி நேரம் இதிலேயே வண்டி வெளியே வந்துவிடும். வெளியே வந்ததும் 18-இல் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல், உடனே காற்றை ஏற்ற வேண்டும். அதனால்தான் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டுகிற காற்றுப் பம்பு டிக்கியில் இருந்தாக வேண்டும். என்னிடம் அது இல்லை. அங்கே வந்த ஒரு மினி வேன்காரர் கயிறு கட்டி இழுத்துவிட்டார், 1,500 ரூபாய். இழுப்பதற்கு பம்பரில் கட்டக் கூடாது. டூல் கிட்டில் இருக்கிற இழுவை வளையத்தை பம்பரில் உள்ள சின்ன மூடியைத் திறந்து திருகி மாட்டி, அதில் கட்ட வேண்டும்.

பணம் போனது அவ்வளவாக உறுத்தவில்லை, அசிங்கமாக இருந்தது. சுற்றி நின்று வேடிக்கை பார்த்தவர்கள் போனால் போதும் என்று கிளம்பினேன். ராமேஸ்வரத்தில் வண்டியைக் கழுவக் கொடுத்தபோது, "மேலே மட்டும் அடிங்க, போதும்" என்று சொன்னேன். பயணத்தின் மிகப் பெரிய தப்பு அந்த ஒரு வாக்கியம். வண்டியின் மேல்பரப்பில் படிந்த உப்பு உடனே பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. சக்கரத்துக்குள் போன ஈர மணல் அப்படி இல்லை. முன் பிரேக் கேலிப்பர் இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் முன்னும் பின்னும் நகர்ந்து பேடை டிஸ்க்கில் அழுத்தும், விடும். அந்தப் பின்களுக்கு ரப்பர் உறை உண்டு, உள்ளே கிரீஸ் இருக்கும். உறை கிழிந்திருந்தால் மணலும் உப்புத் தண்ணீரும் உள்ளே போய்விடும். என் வண்டியில் இடது பக்கக் கீழ் உறை எப்போதோ கிழிந்து கிரீஸும் காய்ந்துபோயிருந்தது. மணல் போய் அடைத்ததும் பின் இறுகியது. இறுகினால் பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே வரும். ஆகவே கடலோரத்தில் மணலிலோ உப்புத் தண்ணீரிலோ சக்கரம் இறங்கினால், அன்றைக்கே நல்ல தண்ணீரில், வண்டியை ஜாக்கியிலோ ரேம்பிலோ ஏற்றி, சக்கரத்தின் உள்பக்கம், கேலிப்பர், அடிப்பாகம் எல்லாவற்றிலும் அடிக்கச் சொல்லுங்கள். கழுவியதும் நிறுத்திவிடாமல் ஒரு கிலோமீட்டர் ஓட்டி, மெதுவாக ஏழெட்டு முறை பிரேக் பிடித்து டிஸ்க்கைக் காய வையுங்கள். அன்று இரவு ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டால், பின்பக்க டிரம்மில் ஈரம் இருக்கும்போது காலையில் பிரேக் ஒட்டிக்கொண்டு விடாது.

நான்காம் நாள் மதுரைக்குப் போகும் வழியில் வண்டி எனக்கு மூன்று முறை சொல்லிப் பார்த்தது. வழக்கமாக லிட்டருக்கு 17 தருகிற வண்டி அன்றைக்கு 14-தான் தந்தது. ஏசி காரணம் என்று நினைத்தேன். மானாமதுரையில் டீ குடிக்க நிறுத்தியபோது ஏதோ கருகிய வாடை வந்தது, பக்கத்தில் நின்ற லாரி என்று நினைத்தேன். சமமான ரோட்டில் கைவிட்டால் வண்டி லேசாக இடது பக்கம் இழுத்தது, அலைன்மென்ட்காரரை மனசுக்குள் திட்டினேன். மூன்றும் ஒரே நோயின் அறிகுறி. கண்டுபிடிக்கச் செலவே இல்லை: 20 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். முன்சக்கரம் இரண்டும் ஒரே மாதிரி சுட வேண்டும். ஒன்று மட்டும் அனல் வீசினால் அங்கே பேட் உரசுகிறது. வெப்பத்தை அளக்கிற கைத் துப்பாக்கி ஒன்றை நான் பிறகு வாங்கினேன். இடது வலது வித்தியாசம் 30 டிகிரியைத் தாண்டினால் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காமல் மேலே போவதில்லை.

வத்தலக்குண்டு தாண்டி காட்ரோடு என்ற இடத்தில் ஏற்றம் தொடங்கும். அதற்கு முன் இரண்டு விஷயம். 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். கட்டணம் கிடையாது, ஆனால் சோதனைச்சாவடியில் சிக்னல் தேடி நிற்காமல் முதல் நாளே எடுத்து ஸ்க்ரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை. எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். ஏற்றம் சுகமாகவே போனது. இரண்டாம் கியரில் ஏறுகிற வண்டிக்கு பிரேக் தேவையே இல்லை, காலை எடுத்தாலே நின்றுவிடும். அதனால் ஏற்றம் உங்கள் பிரேக்கைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. "மலை ஏறிட்டோம், வண்டி நல்லாத்தான் இருக்கு" என்று மேலே போய் நினைப்பது அதனால்தான். கொடைக்கானலில் இரண்டு நாள் வண்டியை அதிகம் எடுக்காமல் ஏரியைச் சுற்றி நடந்தேன்.

ஆறாம் நாள் மதியம் இறங்கினேன். பெருமாள்மலையில் பழனி ரோடு பிரியும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம், பழனி 300 மீட்டர் சொச்சம். 64 கிலோமீட்டரில் 1,800 மீட்டர் இறங்க வேண்டும். இதை ஒரு கணக்காகப் பார்த்தால் பயம் வரும். 1,100 கிலோ எடையை 1,800 மீட்டர் இறக்கும்போது வெளிவருகிற ஆற்றல், மூன்று 20 லிட்டர் கேன் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரிலிருந்து கொதிக்க வைக்கப் போதும். அந்தச் சூடு எங்காவது போயாக வேண்டும். சின்ன கியரில் இறங்கினால் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். பெரிய கியரில் பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கினால் பெரும்பகுதி முன்பக்கத்து நான்கு பேடுக்கும் இரண்டு டிஸ்க்குக்கும் போகும். ரோடு காலியாக இருந்ததால் நான் மூன்றாம் கியரில், காலைப் பிரேக்கில் லேசாக வைத்தபடி, ஜாலியாக வந்தேன். ஏற்கெனவே உரசிக்கொண்டிருந்த இடது பேடுக்கு இது எரிகிற தீயில் எண்ணெயை ஊற்றிய கதை.

சவரிக்காட்டுப் பக்கம் வந்தபோது கருகல் வாடை வண்டிக்குள்ளேயே அடித்தது. அடுத்த வளைவில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. அதற்கடுத்த வளைவுக்கு முன்னால் மிதித்தேன், தரையைத் தொட்டது. என்ன உணர்ந்தேன் என்று கேட்டால், பயம் பிறகுதான் வந்தது. அந்த நொடியில் காதுக்குள் ஒரு சத்தமும் இல்லை. கை தானாக மூன்றிலிருந்து இரண்டு போட்டது, எஞ்சின் அலறியது, பெடலை வேகவேகமாகப் பம்பு அடித்ததில் கொஞ்சம் பிடிமானம் வந்தது, ஒன்றுக்குத் தட்டினேன், ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைச்சுவர் பக்கம் இருந்த மண் ஒதுக்கத்தில் வண்டியை ஏற்றி நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றும். அதனால்தான் பொத்தானை விடாமல் இழுக்க வேண்டும். எஞ்சினை அணைக்கவும் நியூட்ரலுக்குத் தள்ளவும் கூடாது. எஞ்சின் அணைந்தால் பவர் ஸ்டியரிங்கும், மிதிக்கிற பலத்தைக் கூட்டுகிற பிரேக் பூஸ்டரும் கூடவே போய்விடும். ஒன்றுமே கேட்காவிட்டால் பள்ளப்பக்கம் போகாமல் மலைச்சுவரில் உரசிக்கொண்டு போவதுதான் வழி. பெயின்ட் போனால் போகட்டும்.

இறங்கிப் பார்த்தால் இடது முன்சக்கரத்திலிருந்து புகை. கால் நடுங்கியது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனேன். மேலேறி வந்த அரசு பஸ் ஒன்று வேகம் குறைந்து, டிரைவர் எட்டிப் பார்த்து, "தம்பி, தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் வெடிச்சிரும். கல்லு வைங்க, அப்படியே ஆறட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரி; கொதிக்கிற டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் பட்டால் கோணிவிடும், விரிசல் விடும்.

முக்கால் மணி நேரம் கழித்துப் பெடலை மிதித்தேன். கல்லு மாதிரி நின்றது! மெதுவாகப் போய்விடலாம் என்று ஆசை வந்தது. பலர் ஏமாறுகிற இடம் இது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை: புது டாட் 3 ஆயில் 205 டிகிரியில் கொதிக்கும், டாட் 4 என்றால் 230. ஈரம் சேர்ந்த பிறகு தர அளவே 140-க்கும் 155-க்கும் இறங்கிவிடும். கேலிப்பர் சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் வந்தால், நீங்கள் மிதிப்பது அந்தக் குமிழை அமுக்கத்தான் சரியாக இருக்கும், பேடுக்கு அழுத்தம் போகாது. ஆறியதும் குமிழ் மறுபடி திரவமாகி, பெடல் நல்ல பிள்ளை மாதிரி நிற்கும். காரணம் அப்படியே இருப்பதால் அடுத்த சில கிலோமீட்டரில் மறுபடி போகும். நான் போகவில்லை. துணிச்சல் இல்லை என்பதுதான் உண்மை. சிக்னல் இல்லாமல், இறங்கிப் போன ஒரு பைக்காரரிடம் நம்பர் எழுதிக் கொடுத்து, பழனியிலிருந்து ரெக்கவரி வண்டி வரும்போது இருட்டிவிட்டது. 7,000 ரூபாய். இன்சூரன்ஸோடு சில நூறு ரூபாய்க்கு ரோட்சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்திருந்தால் இந்தச் செலவு மிச்சம். புதுப்பிக்கும்போது அதை நானே வேண்டாம் என்று எடுத்திருந்தேன். வரதமாநதி அணை இருட்டில் போனது தெரியவே இல்லை.

மெக்கானிக் காட்டிய பேடுகளை இன்னும் வைத்திருக்கிறேன். வலது பக்கம் இரண்டும் சமமாக இருக்கும். இடது பக்கம் ஒன்று ஆறு மில்லிமீட்டர், அதன் ஜோடி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரே கேலிப்பரில் இரண்டு பேடும் இப்படி ஏறுக்குமாறாகத் தேய்ந்திருந்தால் முதலில் ஸ்லைடு பின் இறுகிவிட்டதா என்றுதான் சந்தேகப்பட வேண்டும். ஆயில் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. ஞாயிறு குறுக்கே வந்து, டிஸ்க் வெளியூரிலிருந்து வர வேண்டி, மூன்று இரவு பழனியில் தங்கினேன். ஒரு நாளைக்கு 1,400. பேட் செட் 2,400, டிஸ்க் ஜோடி 5,600, பின்னும் ரப்பர் கிட்டும் 1,100, ஆயில் 350, கூலி 1,800.

இறக்கத்துக்கு இப்போது நான் வைத்திருக்கிற முறை இது. எந்த கியரில் ஏறினேனோ அதே கியரில் இறக்கம். கொண்டை ஊசி வளைவுகளுக்கு இரண்டு. பிரேக்கை வளைவுக்கு முன்னால் அழுத்தமாக ஒரு முறை பிடித்து முழுசாக விடுவது. லேசாக வைத்துக்கொண்டே வருவது கிடையாது. மலை ரோட்டில் ஏறி வருகிறவருக்குத்தான் முதலிடம் என்று சாலை விதியே சொல்கிறது, எனவே குறுகலான இடத்தில் இறங்குகிறவர் நிற்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியை 'டி'-யில் விட்டு இறங்காமல் மேனுவல் மோடு அல்லது சின்ன கியருக்கான 'எல்' போடுங்கள். மின்சார வண்டிக்காரர்கள் மேலே 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டாம். பேட்டரி நிறைந்திருந்தால் ரீஜென் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) பிடிக்காது, எல்லா வேலையும் சாதா பிரேக் தலையில் விழும், 80-இல் நிறுத்துங்கள். பெருமாள்மலையில் டீக்கு நிறுத்தும்போதே ஒரு சோதனை: எஞ்சின் ஓடும்போது பெடலை அழுத்தி 30 நொடி பிடியுங்கள், மெல்ல உள்ளே இறங்கினால் அங்கிருந்து கீழே போகக் கூடாது.

அதைவிட முக்கியமானது மதுரையில் நிறுத்துகிற அரை நாள். கடலோரம் முடிந்து மலை தொடங்குவதற்கு முன்னால் வருகிற பெரிய ஊர் அதுதான், உதிரிபாகம் எதுவும் கிடைக்கும். "பிரேக் செக் பண்ணுங்க" என்று சொன்னால் ஏர் அடித்து அனுப்பிவிடுவார்கள். "நாலு ஸ்லைடு பின்னையும் உருவிக் காட்டுங்க, சிலிகான் கிரீஸ் போடுங்க, கிழிஞ்ச உறையை மாத்துங்க, பிரேக் ஆயிலை டாட் 4 ஊத்தி நாலு சக்கரத்திலயும் பிளீட் பண்ணுங்க" என்று வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்கள் (பிளீட் என்றால் பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றுவது), பக்கத்திலேயே நின்று பின்கள் வெளியே வருவதைப் பாருங்கள். அதற்கு முன் வண்டியின் கையேட்டில் டாட் 3-ஆ 4-ஆ என்று பார்த்துவிடுங்கள். 3 கேட்கிற வண்டிக்கு 4 ஊற்றலாம், 5 என்று போட்ட சிலிகான் ஆயில் மட்டும் வேண்டவே வேண்டாம். அடுத்த முறை போனபோது எனக்கு எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய் ஆனது, ஒன்றரை மணி நேரம். பின்கள் வெளியே வந்ததைப் பார்த்த பிறகு, விளக்குத்தூண் பக்கம் போய் ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு வர நேரம் சரியாக இருந்தது.